பிட்காயின் போன்ற நாணயங்களை அரசு கட்டுப்படுத்த வேண்டுமா?

கேள்வி, எந்த வங்கிக்கும் அரசுக்கும் சொந்தமில்லாத டிஜிட்டல் நாணயங்களுக்குச் சட்டக் கட்டுப்பாடு தேவையா என்பது. நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். என்னைக் கேட்டால், நாணயத்தை விட்டுவிடலாம்; அடுத்தவர் நாணயத்தை வாங்கி வைத்துக்கொள்கிறவரை விடக் கூடாது.

பிட்காயினுக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. அரசு நோட்டீஸ் அனுப்பினால் கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இல்லை. ஆனால் இந்நாட்டுப் பணமான ராண்டைக் கொடுத்து நாணயம் வாங்கும் இடத்திலும், அதை விற்று மறுபடி ராண்டாக்கும் இடத்திலும் பெரும்பாலும் ஒரு நிறுவனம் இருக்கிறது. அதற்கு முகவரி உண்டு, இயக்குநர்கள் உண்டு, வங்கிக் கணக்கும் உண்டு. சட்டம் அங்கே போய் நிற்கட்டும்.

இந்த நாட்டில் நடந்ததையே பாருங்கள். ஸ்டெல்லன்போஷ் ஊரில் மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்று ஒரு நிறுவனம். பிட்காயினை எங்களிடம் போடுங்கள், கம்ப்யூட்டரே வர்த்தகம் செய்து லாபம் தரும் என்றார்கள். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் வேறு. 2020 ஆகஸ்டில் நிதித்துறை நடத்தை ஆணையம் (எஃப்எஸ்சிஏ) மக்களை எச்சரித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கதை முடிந்தது. தலைவர் ஜொஹான் ஸ்டெய்ன்பெர்க் பிரேசிலுக்குப் போய்விட்டார். 2022-ல் அமெரிக்க ஆணையம் ஒன்று தொடுத்த வழக்கின்படி, அவர்கள் மக்களிடமிருந்து வாங்கியது குறைந்தது 29,421 பிட்காயின், 170 கோடி டாலருக்கு மேல். இதில் பிட்காயின் தொழில்நுட்பம் எங்கேயும் பழுதாகவில்லை. நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சீட்டுக் கம்பெனி மோசடிதான், புதுச் சட்டை போட்டு வந்தது.

அடுத்து 2021-ல் ஆஃப்ரிகிரிப்ட் என்ற பிட்காயின் முதலீட்டு நிறுவனத்தின் விவகாரம் வெடித்தபோது, கிரிப்டோ (பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயங்கள்) எங்கள் சட்ட வரம்புக்குள் வரவில்லை, நாங்கள் நடவடிக்கை எடுக்க இயலாது என்றது அதே ஆணையம். சட்டப்படி சரியான பதில்தான். பணம் போனவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

2022 அக்டோபரில்தான் கிரிப்டோ சொத்துகள் நிதித் தயாரிப்பு என்று, அதாவது அந்த ஆணையத்தின் சட்ட வரம்புக்குள் வருபவை என்று அறிவிக்கப்பட்டன. 2023 ஜூன் முதல் லைசென்ஸ் விண்ணப்பம் வாங்கினார்கள். வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பதும், சந்தேகமான பணப் போக்குவரத்தைத் தெரிவிப்பதும் இந்த நிறுவனங்களுக்குக் கடமையாயின. தாமதம்தான், ஆனால் திசை சரி.

இதில் ஒரு புதுச் சிக்கலும் வருகிறது. சாட்ஸ்வொர்த்தில் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம், “லைசென்ஸ் இருக்கே அண்ணே, அப்போ காசு பத்திரம்தானே?” என்றார். இல்லை. லைசென்ஸ் என்பது நாணயத்தை விற்கிறவருக்குத்தான், நாணயத்தின் விலைக்கு அல்ல. நாளைக்கே பாதியாக விழுந்தாலும் எந்த ஆணையமும் ஈடு கொடுக்காது. வரி விஷயத்திலும் இப்படி ஒரு நம்பிக்கை உலவுகிறது, வங்கி வழியாக வராத லாபத்துக்கு வரி இல்லை என்று. சாதாரண வருமான வரி விதிகளே இதற்கும் பொருந்தும் என்று வரித்துறை 2018-லேயே சொல்லிவிட்டது.

எனக்கு இன்னும் உறுத்துவது அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு. இங்கே வேலை பார்க்கும் நம் ஆட்கள் ஊருக்குப் பணம் அனுப்ப, டாலர் மதிப்போடு கட்டிய நாணயங்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். அது நாட்டை விட்டுப் பணம் கொண்டுபோவதாகுமா? நடப்பில் இருப்பவை 1961-ல் எழுதிய விதிகள். அவை கிரிப்டோவுக்குப் பொருந்தாது என்று 2025 மே மாதம் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரிசர்வ் வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. கம்ப்யூட்டரைப் பார்த்தே இராதவர்கள் எழுதிய விதியை இழுத்து நீட்டுவதை விட, எவ்வளவு அனுப்பலாம், எப்படி அனுப்பலாம் என்று புதிதாக, தெளிவாக எழுதிவிடலாம். அப்படி எழுதும்போது, தன் நாணயத்தைத் தன் போனிலேயே வைத்திருப்பவனிடம் லைசென்ஸ் கேட்காமல் இருந்தால் போதும்.