படித்தவர்களும் ஆள்கடத்தலில் சிக்குவது ஏன்?

கேள்வி: பொறியியல் படித்த என் தம்பிக்குத் தாய்லாந்தில் ‘டேட்டா என்ட்ரி’ வேலை இருப்பதாகச் சொல்லி ஏஜென்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். சுற்றுலாப் பயணியாகப் போய், அங்கேயே வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளலாமாம். ஆள்கடத்தலில் சிக்குவது படிக்காத ஏழைகள்தானே, தம்பியை அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். இந்த வகைக் கடத்தலில் ஆள்பிடிப்பவர்கள் தேடுவதே உங்கள் தம்பியைப் போன்றவர்களைத்தான். கொரோனா முடக்கத்தில் வருமானம் இழந்த மியான்மர், கம்போடியா எல்லையோரச் சூதாட்ட விடுதிகளில் பல, இணையவழி மோசடிக் கூடங்களாக மாறின. அவற்றுக்குக் கணினியும் ஆங்கிலமும் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டனர். மியான்மரில் 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பின், ஆயுதக் குழுக்களின் பிடியில் இருக்கும், தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியாவாடி போன்ற பகுதிகளில் சட்டத்தின் கை இன்னும் தளர்ந்தது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர் இப்படி மோசடி செய்யும் கட்டாய வேலையில் இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. தமிழக இளைஞர்கள் சிலர் 2022இல் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டதும் நினைவிருக்கலாம்.

பாங்காக்கில் இறங்குபவரைக் காரில் ஏற்றி, ஏறத்தாழ 500 கி.மீ. தள்ளியிருக்கும் மே சோட் என்ற எல்லை நகருக்குக் கொண்டுபோய், மியான்மர் எல்லையான மோயி ஆற்றைக் கடக்க வைக்கிறார்கள். அக்கரையில் கைபேசியும் பாஸ்போர்ட்டும் பறிபோகும். வெளியேற வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார்கள். தப்பினாலும் அனுமதியின்றி எல்லை தாண்டிய வழக்கு அவர் மீதே பாயலாம்.

வறுமை மட்டும் இதற்குக் காரணமல்ல. கல்விக் கடன் தவணை, படிப்புக்கேற்ற சம்பளம் கிடைக்காத உள்ளூர் வேலை, ஏஜென்ட்டுக்காக வட்டிக்கு வாங்கிய பணம் ஆகியவை சேர்ந்துதான், சந்தேகம் வந்த பிறகும் ஒருவரைத் திரும்பவிடாமல் தடுக்கின்றன. இதில் அதிகம் பேசப்படாத ஓட்டை ஒன்றும் உண்டு: பத்தாம் வகுப்புத் தேறாதவர் தாய்லாந்துக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போக மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும், பட்டதாரிக்கு அது தேவையில்லை என்பதால், அவருடைய வேலை ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை.

ஆகவே அந்தச் சோதனையை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது. ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம். ஒன்றரை லட்சம் கேட்பதே போதிய எச்சரிக்கை. முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், வாட்ஸ்அப் உரையாடலையும் வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் அழிக்காமல் வைத்து, காவல் நிலையத்திலும் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள்.