ஐசியூவை விட்டுப் போனால் அது ஓடிப்போவதா?

கேள்வி: குழந்தைகள் ஐசியூவில் 7 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். எங்கள் மருத்துவமனையிலேயே சுவாசப் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது, வருகிறாயா என்று கேட்கிறார்கள். டிரக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைக்கும் குழாய்) போட்ட குழந்தைகளும் வீட்டு வெண்டிலேட்டரோடு டிஸ்சார்ஜ் ஆகக் காத்திருக்கும் குழந்தைகளும் இருக்கிற வார்டு அது. "ஐசியூவில் இருந்துவிட்டு யாராவது அங்கே போவார்களா, ரெண்டு வருஷத்தில் கற்றதெல்லாம் மறந்துபோகும்" என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். இரண்டு மாதத்துக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை இறந்துவிட்டது. அதிலிருந்து தூக்கத்திலும் அலாரம் கேட்கிறது. அதனால்தான் போக நினைக்கிறேனோ, ஓடிப்போகிறேனோ என்று எனக்கே சந்தேகம். அடுத்த மாதக் கடைசிக்குள் இன்சார்ஜுக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்ல?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி)

பதில்:

அன்புச் சகோதரி, கடிதத்தின் நடுவில் அந்த அலாரத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. நானும் 26 வருடம் குழந்தைகள் நர்ஸாக இருந்தவள்தான், முதல் 11 வருடம் ஐசியூ, மிச்சமெல்லாம் சுவாச வார்டு. எனக்கும் அது கேட்டிருக்கிறது. குளிக்கும்போது, தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள்ளே வெண்டிலேட்டர் கத்துகிற மாதிரி இருக்கும், குழாயை மூடிவிட்டு நின்று காது கொடுப்பேன். யாரிடமும் சொல்லவில்லை, ஐசியூ நர்ஸ் என்றால் கல்லாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படிச் சொல்லாமல் இருந்தது தப்பு. ஒரு குழந்தையின் மரணத்துக்குப் பிறகு சில நாள் தூக்கம் வராததும் அந்த முகம் கண் முன்னால் வருவதும் யாருக்கும் நடக்கும். ஆனால் ஒரு மாதத்தையும் தாண்டி அப்படியே நிற்கிறது என்றால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ இந்த வாரமே போய்ப் பாருங்கள். வேலை மாற்ற முடிவுக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள், ஏனென்றால் வார்டை மாற்றினால் இது போய்விடும் என்று நம்பிப் போனால் அங்கேயும் அலாரம் இருக்கிறது, அங்கேயும் சில குழந்தைகள் இறக்கிறார்கள், அதுவும் நீங்கள் மூன்று வருடமாக பிறந்தநாள் கொண்டாடிப் பார்த்த குழந்தைகள்.

சரி, இனி வேலைக்கு வருவோம். "மறந்துபோகும்" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் அந்த வார்டில் ஒரு நைட் டியூட்டி பார்த்திருக்க மாட்டார்கள். ஐசியூவில் நமக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மருந்து ஓட்டுகிற பம்ப், தமனியில் போட்ட லைன், வெண்டிலேட்டர் செட்டிங், எல்லாம் கற்றோம். ஆனால் என்னிடம் கடைசிவரை நின்றது ஒரே ஒரு விஷயம், மூச்சு விடுகிற குழந்தையை உட்கார்ந்து பார்ப்பது. அதையும் நான் ஒரு தப்பு செய்துதான் கற்றேன்.

ஐசியூவுக்கு வந்து இரண்டாவது வருடம். நாலு மாதக் குழந்தை, மூச்சுக்குழல் நுனிகளில் வைரஸ் தொற்று, பிராங்கியோலைட்டிஸ். அந்த நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும், அன்று நாலாம் நாள். மூக்கு வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 70 மூச்சு, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்து இழுத்து விடுகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எல்லாம் அடங்கியது. மூச்சு 30-க்கு இறங்கியது, சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 95, மானிட்டரில் ஒரு சத்தம் இல்லை. எனக்கு அப்படியொரு நிம்மதி. "தூங்கிட்டாம்மா, நீங்களும் கொஞ்சம் கண்ணை மூடுங்க" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சார்ட்டில் எழுத உட்கார்ந்துவிட்டேன். சீனியர் அக்கா ஒருவர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். மானிட்டரைப் பார்க்கவே இல்லை, போர்வையை விலக்கிவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்தார், கன்னத்தைத் தட்டினார், "இது தூக்கமில்ல, குழந்தை களைச்சுப்போச்சு, டாக்டரைக் கூப்பிடு" என்றார். அடுத்த 20 நிமிடத்தில் டியூப் போட்டு வெண்டிலேட்டரில் வைத்தோம். குழந்தை பிழைத்தது. அந்த அக்கா வராமல் இருந்திருந்தால் என்ற யோசனை இன்றைக்கும் வருகிறது.

காரணம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கைக்குழந்தையின் விலா எலும்புகள் பெரியவர்களுக்கு இருப்பதுபோல் சாய்வாக இல்லாமல் படுக்கையாக இருக்கும், மார்பு விரிய இடமில்லை, மூச்சின் பாரம் முழுவதும் உதரவிதானத்தின் மேல் விழுகிறது. அந்தத் தசையில் களைக்காமல் உழைக்கக்கூடிய நார்களும் பெரியவர்களுக்கு இருப்பதைவிடக் குறைவு. எடைக்கு எடை கணக்குப் பார்த்தால் ஆக்சிஜன் தேவையோ பெரியவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு. ஆக, குழந்தை ஓடும்வரை ஓடும், அப்புறம் சட்டென்று நிற்கும். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் சாச்சுரேஷன் எண் கடைசி நிமிடம்வரை நன்றாகவே காட்டும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும்.

இந்தக் கண் சுவாச வார்டில் துருப்பிடிக்காது. ஐசியூவில் கை நீட்டினால் டாக்டர் இருப்பார், ஒரு நர்ஸுக்கு ஒன்றோ இரண்டோ குழந்தை. வார்டில் ஆறு குழந்தை இருக்கலாம், மானிட்டர் எல்லாருக்கும் இருக்காது, "இந்தக் குழந்தை சரியில்லை" என்று முதலில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கையில் இருப்பது சளியை உறிஞ்சுகிற ஒரு சக்ஷன் குழாய், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற ஒரு ஆம்பு பேக், உங்கள் தீர்மானம், அவ்வளவுதான். ஐசியூவில் 7 வருடம் இருந்தவர் அங்கே வந்து நின்றால் அந்த வார்டுக்கு எவ்வளவு தைரியம் வரும் தெரியுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் ஐசியூவை மேலேயும் சுவாச வார்டை கீழேயும் வைத்துப் பேசுகிறோமே, சரித்திரம் அப்படி இல்லை. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளுக்குப் போதுமான இயந்திரம் இல்லை. பியோன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் ஒரு 12 வயதுச் சிறுமிக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்து, பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். அதற்குப் பிறகு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்கில், இரவும் பகலும் கையாலேயே அமுக்கி மற்ற நோயாளிகளுக்கும் மூச்சுக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அதே ஊரில் இப்சன் தீவிர சிகிச்சைக்கென்றே ஒரு வார்டு தொடங்கினார், 1955-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் குழந்தைகளுக்கென்று தனி ஐசியூ வந்தது. அதாவது டிரக்கியாஸ்டமியும் மூச்சுக் காற்றும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆளும் முதலில், ஐசியூ அதற்குப் பின்னால். உங்களை இப்போது கூப்பிடுகிற வேலை அந்த முதல் வேலைதான்.

அங்கே நீங்கள் உண்மையில் கஷ்டப்படப்போவது வேறு இடத்தில். ஐசியூவில் நம் கைதான் எல்லாம் செய்யும், சுவாச வார்டில் கையை எடுத்துவிட வேண்டும். எனக்கு அது வரவே ஒரு வருடம் ஆனது. வீட்டுக்குக் குழாயோடு போகப்போகிற குழந்தைக்கு அதை மாற்றத் தெரிய வேண்டியது அம்மாவுக்கும் அப்பாவுக்கும்தான், எனக்கல்ல. பொம்மையில் பழக்குவோம், அப்புறம் குழந்தையில். தோளுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் கழுத்தை நிமிர்த்துவது, ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் நாடாவை அவிழ்ப்பது, பழைய குழாயை எடுத்ததும் புதியதை அதன் வளைவு போகிற வழியிலேயே உள்ளே விட்டு, நடுவில் இருக்கிற வழிகாட்டியை உடனே உருவிவிடுவது, ஏனென்றால் அது உள்ளே இருக்கும்வரை குழந்தைக்குக் காற்றுப் போகாது. எல்லாம் சேர்த்துச் சில வினாடிதான். ஆனால் பெற்ற பிள்ளையின் கழுத்தில் குழாய் இல்லாமல் ஓட்டை மட்டும் தெரிகிற அந்தச் சில வினாடியில் ஓர் அம்மாவின் கை எப்படி நடுங்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்த நடுக்கத்தைப் பார்க்க முடியாமல் குழாயை அவர் கையிலிருந்து வாங்கி நானே போட்டுவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, சாச்சுரேஷன்கூட இறங்கவில்லை. ஆனால் அந்த அம்மா அதன் பிறகு இரண்டு வாரம் குழாயைத் தொட மாட்டேன் என்றுவிட்டார், டிஸ்சார்ஜ் தள்ளிப்போனது. "உங்களாலேயே பார்த்துட்டு நிக்க முடியலையே சிஸ்டர், நான் எப்படிச் செய்வேன்" என்றார். அதிலிருந்து பயிற்சி நேரத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பேன். வாய் மட்டும் சொல்லும், "வளைவு போற பக்கம் விடுங்க, ஆமா, இப்ப உருவுங்க". கடைசியில் அவரும் செய்தார். நாடாவைக் கட்டி, கழுத்துக்கும் நாடாவுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறதா என்று அவரே பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை ஐசியூவில் எனக்குக் கிடைக்காத ஒன்று.

அந்தப் பயிற்சி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 4 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் சளி காய்ந்து படிந்தால் காற்றுக்கு மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். விட்டம் பாதியானால் காற்று போக இருக்கும் தடை 16 மடங்கு. இது வீட்டில், ராத்திரியில், நர்ஸ் இல்லாத இடத்தில் நடக்கும். சக்ஷன் குழாய் உள்ளே இறங்கவில்லை என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் டிரக்கியாஸ்டமி குழாயை மாற்ற வேண்டும் என்று அந்த அம்மாவின் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கென்று ஒரு பெட்டியில் அதே அளவுக் குழாய் ஒன்றும், ஒரு அளவு சின்னது ஒன்றும், குழந்தை எங்கே போனாலும் கூடவே போக வேண்டும். இதையெல்லாம் அந்த வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் நீங்கள்.

இழப்பு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவசர மருந்துகளை அளவோடு கலக்கிற வேகம் குறையும், புது ஐசியூ இயந்திரம் வந்தால் உங்களுக்குத் தெரியாது. அந்தப் பரபரப்பில் ஒரு குழுவாக நிற்கிற சந்தோஷம் எனக்கு ரொம்ப நாள் ஏக்கமாக இருந்தது. அதனால் மாதம் ஒன்றிரண்டு ஐசியூ ஷிஃப்ட் தொடர்ந்து பார்க்க விடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். இரவில் எத்தனை குழந்தைக்கு ஒரு நர்ஸ், டிரக்கியாஸ்டமி போட்ட குழந்தை மோசமானால் எத்தனை நிமிடத்தில் டாக்டர் வருவார், வீட்டிலிருந்து பயந்துபோய்ப் போன் செய்கிற பெற்றோருக்கு யார் பதில் சொல்வார்கள் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "யார் டியூட்டியில் இருக்கிறார்களோ அவர்கள்" என்று சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள், அந்த வார்டில் அந்தச் சுமை தினமும் உங்கள் தலையில் விழும்.

ஓடிப்போகிறேனோ என்று கேட்டீர்களே. ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்ட குழந்தைகள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று உங்களுக்குத் தோன்றுமா? டியூட்டி முடிந்து போகும்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இது ஓட்டமில்லை. குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் பழுதோடு நாம் பிழைக்கவைத்தவர்கள், தசை நோயால் மூச்சுவிட பலமில்லாதவர்கள், இவர்கள்தான் அங்கே படுத்திருக்கிறார்கள். முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கு 2016 கடைசியில் முதல் மருந்து வந்த பிறகு, இரண்டு வயதைத் தாண்டமாட்டார்கள் என்று நாங்கள் நினைத்தவர்களில் பலர் வளர்ந்து நிற்கிறார்கள். அந்த வளர்ச்சியைப் பார்க்கிற நர்ஸ் வேண்டும். டிரக்கியாஸ்டமியில் மாட்டுகிற பேச்சு வால்வு ஒன்றை 1980-களில் உருவாக்கியவர் டேவிட் மியூர், வெண்டிலேட்டரோடு வாழ்ந்த ஓர் இளைஞர். அந்த மாதிரி ஒரு வால்வை முதல்முறை பொருத்தியபோது மூன்று வயதுப் பையன் ஒருவன் தன் குரலையே கேட்டுப் பயந்து அழுதான், அந்த அழுகைச் சத்தத்தை முதல்முறையாகக் கேட்ட அவன் அப்பாவும் அழுதார்.

அடுத்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. முதலில் ஆலோசகரைப் பாருங்கள். அப்புறம் இன்சார்ஜிடம் போய் இப்படிக் கேளுங்கள்: "எனக்கு விருப்பம் இருக்கிறது, ஆனால் முடிவு சொல்வதற்கு முன் அந்த வார்டில் மூன்று ஷிஃப்ட், அதில் ஒன்று நைட், கூட இருந்து பார்க்க வேண்டும்." கொடுத்தால், அந்த நைட் டியூட்டியில் ஒரு குழந்தையின் கட்டில் பக்கத்தில் மானிட்டரைப் பார்க்காமல் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள், அதன் அம்மாவிடம் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும்.