பக்கத்து வீட்ல தனியா இருக்குற வசதியான பையனை நம்ம குடும்பத்தோட பழக விடலாமா?

உங்க வீட்ல வயசுப் பொண்ணு இருக்குன்னு நினைக்கிறேன், இல்லன்னா இப்படிக் கேட்டிருக்க மாட்டீங்க. தாராளமா பழக விடுங்க. எங்க வீட்லயும் அப்போ காலேஜ் படிக்கிற பொண்ணு இருந்தா.

எங்க ஊரு காரைக்குடி பக்கம். பக்கத்து வீடு பெரிய செட்டிநாட்டு வீடு, முகப்பு ஒரு தெருவுல, பின்கட்டு அடுத்த தெருவுல. பர்மா தேக்குத் தூணு, தரையில ஆத்தங்குடிக் கல்லு எல்லாம் உண்டு, ஆளுதான் இல்ல. பங்காளிங்க சென்னை, சிங்கப்பூர்னு போயிட்டாங்க, ஐயா இறந்தப்புறம் பேரன் மட்டும் வந்து தங்கினான், அப்பா அம்மா வெளிநாட்ல. கார் இருந்துச்சு, சமைக்க ஆள் இருந்துச்சு, பேசத்தான் யாருமில்ல. ராத்திரி வளவுல, அதான் நடு முற்றத்துல, தனியா நடந்துட்டே இருப்பான், எங்க மொட்டை மாடியில இருந்து தெரியும்.

என் மாமியார்தான் சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்து "சாப்ட்டியா ராசா"ன்னு கேட்டாங்க, அவ்ளோதான், மறுநாள் எங்க அடுப்படியில உக்காந்து பணியாரம் சாப்ட்டுட்டு இருந்தான்.

அந்த வருஷம் பிள்ளையார் நோன்பு வந்துச்சு. திருக்கார்த்திகையில இருந்து 21ஆம் நாள், நகரத்தார், அதான் செட்டிநாட்டுச் செட்டியார், வீட்ல மாவுல நூல் இழையை வெச்சு ஏத்தி பெரியவங்க கொடுக்க, சுடரோட வாயில போட்டுக்குவாங்க. இவனுக்குக் கொடுக்க அந்த வீட்ல யாரு இருக்கா? நாங்க அவங்க ஆளுங்க இல்ல, முறை தெரியாது. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல தெருக்கோடி ஆச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார், அவங்க தன் பேரப்பிள்ளைகளோட உக்கார வெச்சு இழை கொடுத்தாங்க. திரும்பி வந்து எங்க திண்ணையில உக்காந்து அழுதான்.

ஊர் பேசுச்சு. பொண்ணைக் காட்டி வளைக்கிறோம்னு அவன் பங்காளிங்களே சொன்னாங்க. ஒத்த ரூபா வாங்கல, அவன் கார்ல கோயிலுக்குக்கூட போனதில்ல. என் பொண்ணு இன்னைக்கும் அண்ணன்னுதான் கூப்பிடுறா. ஏழைப் பையனா இருந்தா சேர்த்திருப்பீங்களான்னு கமெண்ட்ல கேக்கப் போறவங்களுக்கு, எதிர்ல கட்டட வேலை நடந்தப்போ அந்த ஆளுங்களோட பிள்ளைகளும் எங்க வீட்லதான் சாப்ட்டாங்க.

இதையும் சொல்லிடுறேன். எங்களைப் பேசுன அதே பங்காளிங்கதான் அவன் ஊர்ல இல்லாத நேரமா வந்து முகப்புத் தூணையும் ஒரு நிலைக்கதவையும் கழட்டி வித்தாங்க. காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்க, யார் யார் வீட்டு நிலை, யார் யார் கல்யாணச் சாமான்னு வயிறு எரியும். வீட்டையே இடிக்க அவன் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டான், அதனால மிச்சம் நிக்குது. தூண் போனதை ஊர்ல ஒருத்தர் கேக்கல.

நீங்க முதல்ல அவனை உங்க வீட்டுக்காரர் இருக்குற நேரமாப் பாத்து சாப்பிடக் கூப்பிடுங்க.