வில்லனுக்கு முடிவு எழுதாதீர்கள்: கேள்வி பதில்

ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு கூட்டாகக் கதை சொல்லும் ஃபேண்டஸி ரோல்பிளேயில் வில்லனை எப்படித் திட்டமிடுவது, கேரக்டர் ஆர்க்கை (கதை போகப்போக கேரக்டருக்குள் நடக்கும் மாற்றத்தை) எப்படி நகர்த்துவது, இந்த இரண்டையும் பற்றிக் கேளுங்கள். எழுத்தில் ஆடுபவர்களும் வரலாம், பகடை உருட்டுபவர்களும் வரலாம். எந்த கிளாஸுக்கு (வீரன், மந்திரவாதி போன்ற கேரக்டர் வகைக்கு) எந்த ஆயுதம் நல்லது என்று கேட்டால் பதில் வராது.

சாம்பல்நரி: அக்கா, புது கேம் ஆரம்பிக்கிறேன், நான்தான் ஜிஎம் (கேம் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துறவங்க). வில்லனைப் பத்தி இருபது பக்கம் எழுதிட்டேன், பிறந்ததுல இருந்து கடைசிச் சண்டை வரைக்கும். ஆனா முதல் செஷன்ல இதை வச்சு என்ன பண்றதுன்னு தெரியல.

கடைசிச் சண்டை இருக்கும் பக்கங்களை முதலில் கிழித்துப் போடுங்கள். அது உங்களுடையது இல்லை, உங்களோடு ஆடப்போகிறவர்களுடையது. இன்று இதைப் பலமுறை சொல்லப்போகிறேன், இப்போதே மன்னித்துவிடுங்கள்.

மீதிப் பக்கங்களில் மூன்று விஷயங்களைத் தேடி எடுங்கள். வில்லனுக்கு என்ன வேண்டும்? ஏன் இப்போதே வேண்டும்? யாருமே குறுக்கே வராவிட்டால் அடுத்தடுத்து என்ன செய்வார்? முதல் இரண்டையும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதை எழுதாததால்தான் முதல் செஷனில் கை கட்டி உட்கார வேண்டியிருக்கிறது.

ஒரு வில்லியை இப்போதே செய்து பார்ப்போம். பெயர் நீராழி, மதகுக் காவலர்களின் தலைவி. ஆறு வற்றிக்கொண்டிருக்கிறது. மலையடியில் தூங்கும் நாகத்தை எழுப்பினால் ஆறு திரும்பும் என்று நம்புகிறாள். அடுத்த மழைக்காலத்துக்குள் எழுப்பாவிட்டால் நாகம் கல்லாகிவிடும், அதனால்தான் அவசரம். இனி அவள் செய்யப்போவது: எல்லா மதகுச் சாவிகளையும் தன் இடுப்புக்குக் கொண்டுவருகிறாள். மேற்கு ஊர்களுக்குத் தண்ணீரை நிறுத்துகிறாள். ஊரை விட்டு வருபவர்களுக்குச் சோறு போட்டு, அவர்களையே படையாக்குகிறாள். நாகம் ஒருமுறை புரள்கிறது, நிலம் நடுங்குகிறது. கடைசியில் எழுகிறது.

இதில் கிளைமாக்ஸ் என்று ஒன்று கிடையாது. உங்கள் ஆட்டக்காரர்கள் முதல் செஷனிலேயே ஒரு சாவியைத் திருடிவிட்டால், அவளே அவர்களைத் தேடி வருவாள். யாராவது அந்தச் சோற்று வரிசையில் போய் நின்று அவள் பக்கம் சேர்ந்துவிட்டால், அதற்கும் இடம் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் சத்திரத்தில் குடித்துக்கொண்டிருந்தார்களா? அடுத்த செஷனில் சத்திரத்துக் கிணறு வற்றியிருக்கும்.

இது புது உத்தியும் இல்லை. வின்சென்ட் பேக்கரின் அபோகாலிப்ஸ் வேர்ல்ட் என்ற ரோல்பிளே ஆட்டம் 2010இலேயே இதற்குக் கடிகாரம் வரையச் சொன்னது. 2017இல் வந்த பிளேட்ஸ் இன் த டார்க் அதை இன்னும் எளிமையாக்கியது: ஒரு வட்டம், அதில் 4, 6 அல்லது 8 கட்டம், நடப்பதற்கேற்ப ஒவ்வொன்றாக நிரப்புகிறீர்கள். வட்டத்தை ஆட்டக்காரர்கள் கண்ணெதிரே வரைந்து வையுங்கள். மறைத்து வைத்தால் உங்களைத் தவிர யாருக்கும் பதற்றம் வராது.

பனிவிழி: வில்லனுக்கு நல்ல பேர் சொல்லுங்க.

சண்டை நடுவில் தடுமாறாமல் டைப் செய்ய முடிகிற பெயர். அவ்வளவுதான்.

இரும்புக்கிளி: என் வில்லன் சின்ன வயசுல இருக்கும்போது ஊர்க்காரங்க அவன் வீட்டை எரிச்சிட்டாங்க, அம்மா அப்பா ரெண்டு பேரும் போயிட்டாங்க. இந்த பேக்ஸ்டோரி போதுமா, இன்னும் சோகம் சேர்க்கணுமா?

சோகம் தாராளமாக இருக்கிறது. அது உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே இருப்பதுதான் கோளாறு. ஆட்டக்காரர்கள் அவனைச் சந்திப்பது இன்றைக்கு. அந்தத் தீ இன்றைய அவனிடம் எங்கே தெரிகிறது? அவன் முகாமில் இரவு ஒரு அடுப்பும் எரியக்கூடாது. வீரர்கள் ஆறிப்போன சோற்றைத்தான் தின்கிறார்கள். பந்தத்தோடு வரும் தூதன் வாசலிலேயே அதை அணைத்துவிட்டு, இருட்டில் தடவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். இதை இரண்டு முறை காட்டுங்கள். மூன்றாவது முறை யாராவது ஒருவர் "இவன் ஏன் நெருப்பைக் கண்டால் இப்படி?" என்று கேட்பார். அதுவரை பேக்ஸ்டோரியை வாயே திறக்காதீர்கள். வில்லனே தன் கதையை நின்று மூச்சு விடாமல் சொல்லும் காட்சியில் ஆட்டக்காரர்கள் செல்போனைத்தான் பார்ப்பார்கள்.

கல்தச்சன்: ஆறு மாசம் வளர்த்த வில்லனை என் பார்ட்டி (ஆட்டக்காரங்களோட கேரக்டர் கூட்டம்) ரெண்டே ரவுண்டுல முடிச்சிட்டாங்க. டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பு. எங்க தப்பு?

ஆள் கணக்கு. அவர்கள் ஐந்து பேர் என்றால் ஒரு ரவுண்டில் ஐந்து டர்ன், அவனுக்கு ஒன்று. 2014இல் அந்தப் பதிப்பு வந்தபோதே பெரிய எதிரிகளுக்கு லெஜண்டரி ஆக்‌ஷன் கொடுத்தது இதற்காகத்தான்: அடுத்தவர் டர்ன் முடியும்போது, ரவுண்டுக்குச் சில முறை, அவனும் ஏதாவது செய்யலாம். கூடவே ஆட்களையும் நிறுத்துங்கள். அதைவிட முக்கியம், சண்டையில் அவனுக்குக் கொல்வதைத் தவிர வேறு வேலை கொடுங்கள். சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்ட வேண்டும் என்றால் சண்டையே வேறு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் செத்தவன் செத்தவன்தான். "அது அவனுடைய இரட்டைப் பிறவி" என்று அடுத்த வாரம் கொண்டுவராதீர்கள். ஆட்டக்காரர்கள் நியாயமாக வாங்கிய வெற்றி அது. நாற்காலி காலி, அதற்கு யார் அடித்துக்கொள்வார்கள் என்று யோசியுங்கள். அவன் தோற்று உயிரோடு நின்று, ஆட்டக்காரர்களே "இன்று போய் நாளை வா" என்று விட்டால் அது வேறு, அதற்கு ஈடே இல்லை. தப்பிக்க விடுவது அவர்கள் முடிவாக இருக்க வேண்டும்.

முகமூடி: அக்கா, நான் ஜிஎம் இல்ல, பிளேயர். என் கேரக்டர்தான் கடைசியில வில்லன். ஜிஎம்முக்கு மட்டும் தெரியும், மத்த நாலு பேருக்கும் தெரியாது. ரொம்ப நாளா இப்படியே ஆடிட்டு இருக்கோம். எப்ப வெளியிட்டா அதிர்ச்சி அதிகமா இருக்கும்?

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கேரக்டர்களுக்கு இல்லை, ஆடுகிறவர்களுக்கு.

பனிவிழி: சொல்லிட்டா ட்விஸ்ட்டே போச்சே!

ட்விஸ்ட் வாசகனுக்கு. இங்கே வாசகன் யார்? அந்த நாலு பேரும் கூட எழுதுகிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் தெரியுமா? இரவுக் காவலுக்கு யார் என்று பேச்சு வரும்போது வைத்தியர் வேடத்தில் இருப்பவர் வேண்டுமென்றே, "நீயே இரு, உன்னை விட்டால் நான் யாரை நம்புவது" என்று எழுதுவார். உங்கள் முகமூடிக்காரர் அதற்கு என்ன பதில் எழுதுவார் என்று மற்ற மூவரும் காத்திருப்பார்கள். அந்த ஒரு வரி உங்களுக்கு ரகசியம் காத்ததால் கிடைக்குமா?

முகமூடி: ஆனா அவங்க நடிச்சுத்தானே ஆகணும்? உண்மையான அதிர்ச்சி இல்லையே.

ரோல்பிளே முழுக்கவே நடிப்புதான். கத்திக்குத்துக்கும் நாம் நடிக்கத்தான் செய்கிறோம்.

சாம்பல்நரி: நான் ஒத்துக்க மாட்டேன் அக்கா. மறைமுக ரோல் இருக்கிற ஆட்டங்கள் எத்தனையோ இருக்கு. யார் துரோகின்னு தெரியாததுதான் அதுல சுகமே.

சரிதான். ஆனால் அங்கே உட்காரும்போதே எல்லோருக்கும் ஒன்று தெரியும்: நம்மில் ஒருவர் துரோகியாக இருக்கலாம். ஆட்டம் தொடங்கும் முன் செஷன் ஜீரோவில் அப்படிப் பேசி, எல்லோரும் தலையாட்டியிருந்தால், ரகசியமாக ஆடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். முகமூடியின் ஆட்டத்தில் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முகமூடி: நடக்கல.

கல்தச்சன்: நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன். என் கேரக்டரோட தம்பி எங்க ஒளிஞ்சிருக்கான்னு ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன், அவரை நம்பித்தான் அந்த சீனையே எழுதினேன். அவர்தான் துரோகின்னு கடைசியில தெரிஞ்சது. கேரக்டருக்குக் கோபம் வந்தா பரவாயில்ல. எனக்கு வந்துச்சு. அந்த கேமை விட்டே வந்துட்டேன்.

சாம்பல்நரி: அது அந்த ஆள் மோசமா ஆடினதால. நல்லா துப்பு விட்டு ஆடினா, கடைசியில "அட, அப்பவே தெரிஞ்சிருக்கணுமே"ன்னுதான் தோணும்.

துப்பு விட்டு ஆடுவது நல்லதுதான். துப்புக்கு ஜஸ்டின் அலெக்சாண்டர் என்பவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஒரு உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள், ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். அதைச் செய்தாலும் கல்தச்சன் சொன்னது தீராது. அவர் மூளை ஏமாந்ததற்காகக் கோபப்படவில்லை. தான் மனதைத் திறந்து எழுதிய காட்சியை இன்னொருவர் வேறு ஒரு கதைக்குத் தீனியாக வைத்திருந்தார் என்பதற்காகக் கோபப்படுகிறார். முகமூடி, பாதி ரகசியம் போதும் என்றால் இப்படிச் சொல்லுங்கள்: "என் கேரக்டர் உங்களிடம் பெரிதாக ஒன்றை மறைக்கிறான், வெளியே வந்தால் வலிக்கும், சரியா?" என்ன என்று சொல்லவே வேண்டாம். யாராவது வேண்டாம் என்றால் வேண்டாம்.

இந்தச் சண்டையை இதோடு நிறுத்துகிறேன். வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

செவ்வந்தி: வில்லன் பேக்ஸ்டோரி எத்தனை பக்கம் இருக்கணும்?

இரும்புக்கிளிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தூரிகை: என் கேரக்டர் ஒரு திருடி. கடைசியில ராணி ஆகணும்னு ஆர்க் பிளான் பண்ணிருக்கேன். ஆனா கதை அந்தப் பக்கமே போகல, ஜிஎம் என்னைக் கண்டுக்கலன்னு தோணுது.

ஆட்டக்காரர்களுக்கும் அதே மருந்துதான்: முடிவை எழுதாதீர்கள். ராணி ஆவது பதவி, அதை ஆர்க் என்று சொல்ல முடியாது. அவள் இப்போது எதை உறுதியாக நம்புகிறாள் என்று ஒரு வரி எழுதுங்கள். உதாரணமாக, "பின்தங்கியவனுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்." பிறகு அந்த வரியை ஜிஎம்மிடமும் மற்றவர்களிடமும் கொடுத்து, "இதை உடைத்துப் பாருங்கள், அல்லது உறுதிப்படுத்துங்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் ஜிஎம் மனதைப் படிக்கிறவர் இல்லை. பாலம் இடிந்து விழும்போது வீரன் வேடத்தில் இருப்பவர் அவளுக்காக அந்தப் பக்கமே நின்றுவிட்டால், உங்கள் ஆர்க் நகர்ந்துவிட்டது. அவர் நிற்காமல் ஓடினாலும் நகர்ந்துவிட்டது. இரண்டில் எது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியாததால்தான் நீங்கள் தனியாகக் கதை எழுதாமல் இவர்களோடு ஆடுகிறீர்கள். அவள் ராணி ஆனாலும் ஆகலாம்.

மழைக்குருவி: எழுத்து ரோல்பிளேல வில்லனை ஆடுறவர் ஒவ்வொரு போஸ்ட்லயும் என் கேரக்டரை அடிச்சுப் போட்டுடறார். இது காட்மோடிங்தானே?

ஆம், உங்கள் கேரக்டருக்கு என்ன ஆகிறது என்பதையும் அவரே தீர்மானிப்பது காட்மோடிங்தான். "அவன் உன் தோளைக் கிழித்தான், நீ அலறி விழுந்தாய்" என்று எழுதினால் அடி, வலி, அலறல் மூன்றையும் அவரே எடுத்துக்கொண்டார். "அவன் கத்தி உன் தோளைக் குறிவைத்து இறங்கியது" என்பதோடு நிறுத்த வேண்டும், மீதி உங்களுடையது. ஆனால் நீங்களும் ஒவ்வொரு முறையும் லாவகமாக விலகிக்கொண்டே இருந்தால் அவர் இப்படித்தான் ஆவார். சில அடிகளை வாங்குங்கள்.

நள்ளிரவு: வில்லனோட தளபதிக்கு ஆர்க் குடுக்கலாமா?

கொடுத்தே ஆகவேண்டும். வில்லனைவிட ஆட்டக்காரர்கள் அதிகம் சந்திப்பது அவரைத்தான். கும்பகர்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான், சொல்லிவிட்டு அவனுக்காகவே போருக்கும் போகிறான். தம்பி விபீஷணன் வந்து கூப்பிட்டாலும் போகவில்லை. உங்கள் தளபதிக்கும் அப்படி ஒரு கடன் இருக்கட்டும், ஆட்டக்காரர்கள் அவரை இழுக்கப் பார்க்கட்டும். வருவாரா மாட்டாரா என்று இப்போதே தீர்மானித்து வைக்காதீர்கள். ஏன் என்று திரும்பவும் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

அரவம்: கடைசி செஷன்ல பார்ட்டி வில்லனை மன்னிச்சு விட்டுட்டாங்க. என் கிளைமாக்ஸ் மொத்தமா போச்சு.

யாருடைய கிளைமாக்ஸ்? சரி விடுங்கள். அவர்கள் மன்னித்தார்கள், அவன் எரித்த ஊர் மன்னித்ததா? அடுத்த செஷனில் அந்த ஊரிலிருந்து நாலு பேர் வந்து பார்ட்டியின் வாசலில் நிற்கட்டும். உங்களுக்கு இன்னும் பாதிக் கதை பாக்கி இருக்கிறது.

இடிமுழக்கம்: வில்லன் பயங்கரமா இருக்கணும்னா சித்திரவதை சீன் எவ்வளவு விவரமா எழுதலாம்?

உங்களோடு ஆடுகிறவர்களைக் கேட்டுவிட்டு. எது கதையில் வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் நடக்கலாம் என்று முதல் நாளே ஒரு பட்டியல் போடுங்கள். ரான் எட்வர்ட்ஸ் இதை லைன்ஸ், வெய்ல்ஸ் என்று இரண்டாகப் பிரித்தார். நடுவில் யாருக்காவது முடியவில்லை என்றால் காரணம் கேட்காமல் நிறுத்த எக்ஸ் கார்டு (எக்ஸ் போட்ட அட்டை, யாரும் தொட்டுக் காட்டலாம்) வையுங்கள். பயம் விவரத்தில் வராது. திரும்பி வந்த கைதி ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருப்பதே போதும்.

குட்டிடிராகன்: வில்லனுக்கு எந்த ஆயுதம் நல்லது? அப்புறம் சோகமான பேக்ஸ்டோரி வேணுமா?

முதல் பத்தி. இரும்புக்கிளி.

ஆழிமுத்து: எங்க கதையில வில்லனா ஆடினவர் திடீர்னு வர்றதே இல்ல. கேட்டாலும் பதில் இல்ல. கதை அப்படியே நிக்குது.

இன்றைக்கு வந்ததிலேயே உருப்படியான கேள்வி. அவருடைய கேரக்டரை நீங்களாகக் கொல்லாதீர்கள், திரும்பி வந்தால் அவருடைய உரிமை. ஆனால் வில்லன் தொடங்கி வைத்த வேலை யாருடைய சொத்தும் இல்லை. மதகுகள் மூடியே இருக்கின்றன, படை வழியில் இருக்கிறது. தலைவரை வடக்கே ஏதோ ஒரு முற்றுகைக்கு அனுப்பிவிட்டு, தளபதியை ஜிஎம்மோ வேறு ஒருவரோ கையில் எடுக்கட்டும். அடுத்த கதையில், எத்தனை நாள் சத்தம் இல்லாவிட்டால் கேரக்டர் கைமாறும் என்று ஆரம்பத்திலேயே எல்லோரும் பேசி எழுதி வைத்துவிடுங்கள். இரண்டு வாரம் என்பது பெரும்பாலும் யாருக்கும் உறுத்தாது.