டெர்மினல் விட்டு டெர்மினல் பேச: கேள்வி பதில்

கே: நானும் நண்பரும் ஒரே லினக்ஸ் சர்வரில் லாகின் செய்திருக்கிறோம். எந்த ஆப்பும் இல்லாமல் அவர் திரைக்கு ஒரு வரி அனுப்ப முடியுமா?

ப: தாராளமாக. ‘ரைட்’ (write) என்று அடித்து, இடம் விட்டு அவருடைய பயனர் பெயரைக் கொடுங்கள். அப்புறம் நீங்கள் எண்டர் தட்டத் தட்ட ஒவ்வொரு வரியும் அவர் திரையில் போய் விழும். முடிக்க கண்ட்ரோல்-டி. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் 1971-இல் வந்தபோதே அதில் இருந்த கட்டளை இது. யூனிக்ஸுக்கு டெர்மினலும், அதாவது நீங்கள் கட்டளை தட்டும் திரையும், ஒரு ஃபைல்தான். அவருடைய அந்த ஃபைலில் உங்கள் வரியை ரைட் எழுதுகிறது, அவ்வளவே.

கே: இருவரும் ஒரே நேரத்தில் அடித்தால் குழம்புகிறதே?

ப: வயர்லெஸ்ஸில் பேசுவது போலப் பேசுங்கள். சொல்லி முடித்ததும் ‘ஓவர்’ என்பதற்கு ஆங்கில ஓ எழுத்து ஒன்று; பேச்சே முடிந்தது என்றால் இரண்டு. கட்டளையின் கையேட்டிலேயே இந்த வழக்கம் உண்டு.

கே: விஐ (vi) எடிட்டரில் ஒரு ஃபைலைத் திருத்தும்போது ஒருவருடைய செய்தி நடுவில் விழுந்தது. ஃபைல் கெட்டிருக்குமா?

ப: கெடாது. அலங்கோலம் திரையில் மட்டும்தான். கண்ட்ரோல்-எல் அழுத்துங்கள், சரியாகிவிடும். இனி யாரும் எழுத வேண்டாம் என்றால் ‘மெஸ்ஜ் என்’ (mesg n) கொடுங்கள். உங்கள் டெர்மினல் ஃபைலில் மற்றவர்கள் எழுதும் அனுமதி போய்விடும். சர்வரின் நிர்வாகியான ரூட்டை மட்டும் இது தடுக்காது.

கே: அதற்கு பதில் என் டெர்மினல் ஃபைலில் எழுத எல்லோருக்கும் முழு அனுமதி தந்துவிட்டால்?

ப: வேண்டவே வேண்டாம். சில பழைய டெர்மினல்களுக்குக் குறிப்பிட்ட எஸ்கேப் குறியீடுகளை (திரையில் தெரியாமல் டெர்மினலுக்கே உத்தரவிடும் எழுத்துகளை) அனுப்பினால், நீங்களே தட்டியது போல ஒரு கட்டளையை அவை சர்வருக்குத் திருப்பி அனுப்பும். அடுத்தவர் குறும்பு, உங்கள் பெயரில்! ரைட் அப்படிப்பட்ட எழுத்துகளை அப்படியே போக விடாது. ஃபைலையே திறந்து போட்டால் அந்த வடிகட்டி இல்லை.

கே: ‘டாக்’ (talk) கட்டளை வேறா?

ப: வேறு. 1983-இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்தது. திரை இரண்டாகப் பிரியும், எழுத்துக்கு எழுத்து போகும். எதிராளி அடித்து அழிப்பதும் தெரியும். எனக்கு அதுதான் பிடித்தது. வேறு கணினியில் இருப்பவரோடும் பேசலாம். ஆனால் முதல் பதிப்பில் எண்களின் பைட் வரிசையை (ஓர் எண்ணின் பகுதிகளில் எது முதலில் என்பதை) எல்லாக் கணினிக்கும் பொதுவாக வைக்கவில்லை. அதனால் வாக்ஸ் கணினியும் சன் கணினியும் ஒன்றை ஒன்று புரிந்துகொள்ளவில்லை. அடுத்த நெறிமுறையில் திருத்தினார்கள். பழையதற்குப் போர்ட் (நெட்வொர்க்கில் சேவையை அடையாளம் காட்டும் எண்) 517, புதியதற்கு 518.

கே: எழுத்துக்கு எழுத்து அரட்டை அதில்தான் தொடங்கியதா?

ப: இல்லை. 1973-லேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளாட்டோ கணினி அமைப்பில் டாக்கோமேட்டிக் என்ற அரட்டை நிரல் இருந்தது; ஒரு சேனலில் ஐந்து பேர் பேசலாம்.

கே: என் டெஸ்க்டாப்பில் இன்னொரு டெர்மினல் ஜன்னலுக்கு அனுப்பிப் பார்த்தேன், ‘லாகின் செய்யவில்லை’ என்கிறது.

ப: லாகின் செய்தவர்களைப் பட்டியலிடும் ‘ஹூ’ (who) அடித்துப் பாருங்கள். அந்த ஜன்னல் பட்டியலில் இருக்காது. பல டெர்மினல் நிரல்கள் லாகின் பதிவேட்டில் எழுதுவதில்லை. எஸ்எஸ்ஹெச் (ssh, தொலைவிலிருந்து லாகின் செய்யும் கட்டளை) வழியாக உள்ளே வந்து முயன்று பாருங்கள்.