ஒளிரும் பாலிமரும் சூரிய மின்கலமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குறைக்கடத்திப் பாலிமர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மின்சாரம் கொடுத்தால் ஒளிர்கிறது, ஒளி பட்டால் மின்சாரம் தருகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஒளிர்வதற்குச் செய்த பாலிமரையே வெயிலில் வைத்துவிட்டால் போதுமே? இதில் ஆராய என்ன மிச்சம்?

ஓர் இயற்பியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வைக்கலாம். மின்சாரமும் வரும், ஆனால் பெயருக்குத்தான் வரும்.

சிலிக்கானில் ஒளி பட்டதும் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் ஏறக்குறைய உடனே பிரிந்துவிடும். பாலிமரில் அவை ஒன்றையொன்று விடாது. இந்த ஜோடிக்கு எக்சிட்டான் என்று பெயர். அதைப் பிரிக்க 0.3 முதல் 0.5 எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் வேண்டும். அறை வெப்பம் தருவதோ 0.025தான். 1990இல் கேம்பிரிட்ஜில் பிபிவி என்ற பாலிமரை ஒளிர வைத்தவர்களுக்கு இந்தப் பிடிப்பு வசதியாகப் போயிற்று. இரு முனைகளிலிருந்தும் வந்த எலக்ட்ரானும் துளையும் சேர்ந்து அழிந்தால்தானே வெளிச்சம்? சூரிய மின்கலத்தில் அதே சேர்க்கை நஷ்டம்.

1992இல் ஹீகர், சரிசிஃப்ட்சி என்ற ஆய்வாளர்கள் பாலிமரோடு ஃபுல்லரீன் என்ற பந்து வடிவக் கார்பன் மூலக்கூறைச் சேர்த்தபோது வழி பிறந்தது. ஃபுல்லரீன் எலக்ட்ரானைக் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல கோடி மடங்கு வேகத்தில் பறித்துக்கொள்கிறது. சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. எக்சிட்டான் சுமார் 10 நானோமீட்டர் நகர்வதற்குள் மடிந்துவிடும்; அதற்குள் அது ஃபுல்லரீனை எட்டியாக வேண்டும். ஒளியைப் போதுமான அளவு உறிஞ்ச வேண்டுமானால் படலம் 100 நானோமீட்டராவது இருக்க வேண்டும். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிப் பயனில்லை. இரண்டையும் ஒரே கரைசலில் கலந்து பூசுகிறார்கள். காயும்போது அவை தாமாகவே பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ள வேண்டும்.

ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்தக் காயும் நேரத்தில்தான் நடக்கிறது. 2001இல் ஒரு குழு பாலிமரையும் ஃபுல்லரீனையும் மாற்றாமல், டொலுவீன் என்ற கரைப்பானுக்குப் பதில் குளோரோபென்சீனில் கரைத்துப் பூசியது. டொலுவீனில் ஃபுல்லரீன் பெரிய பெரிய கட்டிகளாகத் திரண்டிருந்தது. குளோரோபென்சீனில் நுணுக்கமாகக் கலந்தது. ஒளியை மின்சாரமாக்கும் திறன் 0.9 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதத்துக்குப் போயிற்று. எனக்குப் புதுப் பாலிமர்களின் பட்டியலைவிட இந்த மாதிரி சோதனைகள்தான் பிடிக்கும்.

அப்புறம் ஃபுல்லரீனும் போய், அதன் இடத்தில் 2019இல் ஒய்6 என்ற கரிம மூலக்கூறு வந்தது. திறன் 15 சதவீதத்தைத் தாண்டியது. இப்போது ஆய்வகங்களில் 19, 20 என்கிறார்கள். அவை பெரும்பாலும் நகத்தளவு மின்கலங்களில் எடுத்த எண்கள். வெயிலிலும் ஈரத்திலும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். (ஃபோன் திரைகளில் ஒளிர்வதும் பெரும்பாலும் பாலிமர் அல்ல, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த சிறு மூலக்கூறுகள்.)

ஆனாலும் உங்கள் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சூரிய மின்கலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு ஒளிர்கிறது என்று இப்போது அளக்கிறார்கள். எலக்ட்ரானும் துளையும் ஒளி தராமல் வெப்பமாக வீணாகும் அளவுக்கு வோல்டேஜ் குறையும். ஒளிர்வுத் திறன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் ஏறக்குறைய 60 மில்லிவோல்ட் இழப்பு. ஆகவே நன்றாக மின்சாரம் தர வேண்டிய கலம் கொஞ்சம் நன்றாக ஒளிரவும் வேண்டியிருக்கிறது.