தசமபாகம் கொடுக்காததால் அம்மாவின் இரட்சிப்பு போய்விடுமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 67 வயது. 35 வருடம் கொழுந்து பறித்தவர். இளம் வயதிலேயே ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை ஒருநாளும் தவறவிட்டதில்லை. இரண்டு வருடமாக முழங்கால் வலியால் மேட்டிலிருக்கும் சபைக்கு அவரால் ஏற முடியவில்லை. ஓய்வு பெற்றபோது வந்த சேமலாப நிதிப் பணத்தில் ஒழுகிக்கொண்டிருந்த கூரையை மாற்றினோம். தசமபாகம், அதாவது சபைக்கென்று கொடுக்கும் பத்திலொரு பங்கு, எடுத்து வைக்கவில்லை. "அதனால்தான் கால் இப்படி ஆகிவிட்டது" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா இரவில் சரியாகத் தூங்குவதில்லை. தன் இரட்சிப்பே போய்விட்டதோ என்று அழுகிறார். "விசுவாசம் போதும் அம்மா" என்றால், "கிரியையில்லாத விசுவாசம் செத்தது" என்று வேதத்தில் யாக்கோபின் நிருபத்தைத் திறந்து காட்டுகிறார். அண்ணி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், அவர் வேறு மாதிரிச் சொல்கிறார். அம்மாவுக்கு நான் என்ன சொல்லட்டும், ஐயா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு முன்னால், என்ன சொல்லக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். "நீங்கள் எவ்வளவு செய்திருக்கிறீர்கள் அம்மா, ஆண்டவர் அதையெல்லாம் மறந்துவிடுவாரா?" என்று தேற்றாதீர்கள். பாசத்தில் வாயில் வருகிற சொல்தான், நானும் நோயாளிகளின் படுக்கையருகே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அது அம்மாவைத் திரும்பவும் தராசடியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவருடைய பயமே அந்தத் தராசுதான். செய்ததைக் கூட்டிப் பார்த்தால் செய்யாததும் கூடவே நினைவுக்கு வரும். இரவு 2 மணிக்கு விழித்திருப்பவருக்குச் செய்யாததுதான் பெரிதாகத் தெரியும்.

நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் போய் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். மழை நாளில் இடுப்புப் படங்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையில் நிற்பார். விரல் நுனியெல்லாம் கறை பிடித்துக் கறுத்திருக்கும். கூடையைத் தராசில் மாட்டுமுன் உள்ளங்கையால் கொழுந்தை ஒரு தடவை அமுக்குவார். அமுக்கினால் எடை கூடாது என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அமுக்குவார். முள் ஆடி நிற்கும் வரை கண் அசையாது. பிறகு ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். குறித்த கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைந்தாலும் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டிலிருந்து சாயங்காலம் வரை நின்ற கால்களுக்கு அரைப் பேர்! அன்றைக்கு வீடு வந்து சேரும் வரை அம்மா பேசமாட்டார்.

35 வருடம் இப்படி நிறுக்கப்பட்ட ஒருவர், பரலோகத்திலும் தோட்டத்துப் பேர்ப் பதிவு போல ஒரு செக்ரோல் இருக்கிறது, தன் பேருக்கு நேரே இந்த இரண்டு வருடமும் அரைப் பேர்தான் விழுந்திருக்கிறது என்று நினைத்தால் அதில் ஆச்சரியமில்லை. உங்கள் அம்மாவுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். அவர் வாழ்ந்த வாழ்க்கை கற்றுக்கொடுத்த கணக்கு அது.

பவுல் அப்போஸ்தலன் இந்தக் கூலிப் பேச்சையே எடுத்துப் பேசுகிறார். ரோமர் 4ஆம் அதிகாரம் 4, 5ஆம் வசனங்களை அம்மாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." தோட்டத்தில் வேலை செய்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. வேலை முடிந்துவிட்டது என்றால் நிர்வாகம் நமக்குக் கடன்பட்டிருக்கிறது. நாள் சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று எத்தனை வருடம் குரல் கொடுத்து 2021இல் அது வந்தது! அது பிச்சையா? உரிமை. கிருபையைப் பற்றிப் பேசிக்கொண்டு ஒருவருடைய கூலியைப் பிடித்து வைக்க எவருக்கும் அதிகாரமில்லை. பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று அதே யாக்கோபுதான் 5ஆம் அதிகாரத்தில் எழுதினார்.

ஆனால் தேவனிடம் நாம் அப்படிக் கேட்க முடியாது என்கிறார் பவுல். நமக்கு அவர் கடன்காரர் ஆவது நடக்காத காரியம். அதனால் அவர் வேறு வழியில் தருகிறார். அடுத்த வசனத்தைப் பாருங்கள்: கிரியை செய்யாமல், "பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில்" விசுவாசம் வைக்கிறவனுடைய விசுவாசம் அவனுக்கு நீதியாக எண்ணப்படும். நல்லவனை நீதிமானாக்குகிறவர் என்று எழுதவில்லை. பாவியை! நீதிமன்றத்தில் எந்த நீதவானும் செய்யத் துணியாத காரியம் இது. தேவன் அதைச் செய்ததற்கு ஆதாரம் சிலுவை. நம்முடைய பழி கிறிஸ்துவின் மேல் போனது, அவருடைய நீதி நம் பேரில் எழுதப்பட்டது.

இந்த இடத்தில் நம் தமிழே நம்மைக் கொஞ்சம் குழப்புகிறது. பவுல் எழுதிய கிரேக்கச் சொல் நீதிமன்றத்துச் சொல். "இவர்மேல் குற்றமில்லை" என்று நீதிபதி தீர்ப்புச் சொல்வதுதான் அதன் பொருள். நாமோ "நீதிமான்" என்று கேட்டவுடன் ஒருவருடைய குணத்தை நினைக்கிறோம். பொய் சொல்லாதவர், கை சுத்தமானவர் என்று. உடனே அம்மா தன்னைப் பார்த்து, "நானா நீதிமான்?" என்று கேட்டுக்கொள்கிறார். கேள்வியே அங்கே தடம் மாறிவிடுகிறது. தீர்ப்பு வந்துவிட்டதா என்பதல்லவா கேள்வி?

"விசுவாசம்" என்ற சொல்லிலும் இதே சிக்கல். "நன்றி விசுவாசம்" என்போம், "முதலாளிக்கு விசுவாசமானவன்" என்போம். நாய்க்குக்கூட விசுவாசம் உண்டு என்போம். அந்தப் பழக்கத்தில், கடைசி வரை முகம் கோணாமல் உழைப்பதுதான் விசுவாசம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் அதுவும் இன்னொரு வேலைதான், அதையும் தராசில் வைக்கலாம். "என் விசுவாசம் போதுமா?" என்ற அடுத்த பயம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. பவுல் சொல்வது அதுவன்று. ஒருவருடைய வார்த்தையை நம்பி முழுப் பாரத்தையும் அவர்மேல் சாய்ப்பதுதான் அவர் சொல்லும் விசுவாசம். வலிக்கிற முழங்காலோடு படி இறங்கும்போது அம்மா உங்கள் தோளைப் பிடித்துக்கொள்கிறாரே, அந்தப் பிடி நடுங்கினாலும் தாங்குவது உங்கள் தோள்தானே. அம்மாவிடம் இதை அப்படியே சொல்லலாம், படி இறங்கும்போதே.

இனி யாக்கோபு. அம்மா காட்டும் வசனம் உண்மையான வசனம். அதைச் சமாளித்துவிட்டுப் போகப் பார்க்காதீர்கள். 2ஆம் அதிகாரம் 24ஆம் வசனம் இன்னும் கடினமாகவே சொல்கிறது: விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான். பவுலும் யாக்கோபும் இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் எந்த வயது ஆபிரகாம் என்று பாருங்கள். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்பது ஆதியாகமம் 15ஆம் அதிகாரம். இஸ்மவேல் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது, விருத்தசேதனம் பண்ணப்பட்டபோது 99. ஆக, விருத்தசேதனக் கட்டளையை நிறைவேற்றிக் காட்டுவதற்குக் குறைந்தது 13 வருடத்துக்கு முன்பே தேவன் அவனை நீதிமான் என்று எண்ணிவிட்டார். பவுலின் வாதம் முழுவதும் இந்தக் காலக்கணக்கில்தான் நிற்கிறது. யாக்கோபு எடுப்பது 22ஆம் அதிகாரம், ஈசாக்கைப் பலிபீடத்தின் மேல் வைத்த நாள். ஈசாக்கு பிறந்ததே ஆபிரகாமின் 100ஆவது வயதில். முன்பே கிடைத்த தீர்ப்பு அன்றைக்கு வெளியே தெரிந்தது.

யாக்கோபு யாரோடு பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். உடுக்கத் துணியும் அன்றைய சாப்பாடும் இல்லாத சகோதரனைப் பார்த்து, "சமாதானத்தோடே போ" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவனோடு பேசுகிறார். கூரைக்குக் காசு கொடுத்துவிட்டுக் குற்றவுணர்வில் தூங்காமல் கிடக்கும் தாயோடு அல்ல. மருந்து சரியானதுதான், ஆள் மாறிப் போய்விட்டது.

கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்துவிட்ட, மலையைப் பற்றி அம்மாவிடமே கேளுங்கள். வெட்டி முடித்த மலையைப் புதிதாகப் பார்க்கிறவன் எல்லாம் செத்துவிட்டது என்றுதான் சொல்வான். வெறும் குச்சிகள். வாரக்கணக்கில் ஒரு கிலோ கொழுந்து வராது. யாராவது அந்தச் செடியைப் பிடுங்கி எறிவார்களா? வேர் உயிரோடு இருக்கிறது என்று தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். யாக்கோபு சொல்வதும் உண்மை, காலம் முழுவதும் ஒரு துளிர்கூட விடாத செடி செத்த செடிதான். ஆனால் கொழுந்தைக் கொண்டுவந்து குச்சியில் கட்டி யாரும் செடிக்கு உயிர் கொடுத்ததில்லை. உங்கள் அம்மாவுக்கு இது கவ்வாத்துக் காலம்.

அண்ணியோடு இதைப் பற்றிச் சண்டை வேண்டாம். அவர் கையிலிருக்கும் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் "நீதிமான்" இருக்கும் இடத்தில் "ஏற்புடையவர்" என்றும், "விசுவாசம்" இருக்கும் இடத்தில் "நம்பிக்கை" என்றும் இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு தமிழ். என்னைக் கேட்டால், "கடவுளுக்கு ஏற்புடையவர்" என்ற சொல் உங்கள் அம்மாவுக்குச் சட்டென்று உதவக்கூடும், அவர் பயப்படுவது ஏற்றுக்கொள்ளப்படாமல் போவதைத்தானே. சபைகளுக்கிடையே இதில் பெரிய வழக்கு நடந்தது உண்மை. 1517இல் மார்ட்டின் லூத்தர் தொடங்கிய விவாதத்துக்கு, 1547இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் தங்கள் தரப்பின் பதிலைக் கொடுத்தது. ஆனால் 1999 அக்டோபர் 31ஆம் திகதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதி எதனாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், பரிசுத்த ஆவியானவர் நம்மைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு அழைக்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்தே சொல்லின. 2006இல் உலக மெதடிஸ்ட் பேரவையும் அதில் இணைந்துகொண்டது. எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் மாமியாரும் மருமகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஜெபிக்கத் தடையில்லை.

தசமபாகம் கொடுக்காததால் கால் வலி வந்தது என்று சொன்னவரைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு அந்தப் பேச்சையே வெட்டிவிட்டார். கூடையைத் தலையில் மாட்டி 35 வருடம் சரிவில் ஏறி இறங்கிய முழங்காலுக்கு வலி வர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் தவறாமல் கூட்டிப் போங்கள். கொடுப்பதைப் பற்றிய அளவு 2 கொரிந்தியர் 8:12இல் இருக்கிறது: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும். ஒழுகும் கூரையின் கீழ் கிடக்காமல் வீட்டைக் காப்பாற்றியது பாவமல்ல. அம்மா ஆசைப்பட்டால் நூறு ரூபாயோ ஒரு பிடி அரிசியோ கொடுக்கட்டும். பழைய பாக்கியை அடைப்பதாக நினைத்து மட்டும் கொடுக்க வேண்டாம். "நீ அடைக்க ஒன்றுமில்லை" என்றவருக்கு எப்படிப் பாக்கி கட்டுவது?

உங்கள் போதகரிடம் போய், மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் திருவிருந்து கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், அது அவருடைய கடமை. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வரும் பெண்களில் இரண்டு பேர் ஜெபம் முடிந்து உங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தால் இன்னும் நல்லது. இரவில் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் தர்க்கம் பண்ணாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து லூக்கா 18:9 முதல் 14 வரை வாசியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருந்து, எல்லாவற்றிலும் தசமபாகம் கொடுத்த பரிசேயன் அதில் வருகிறான். கண்ணை ஏறெடுக்கவும் துணியாமல் தூரத்தில் நின்று, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஆயக்காரனும், அதாவது வரி வசூலிக்கிறவனும், வருகிறான். நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பிப் போனவன் இந்த இரண்டாமவன். வாசித்துவிட்டு நிறுத்திவிடுங்கள், நீங்களாக விளக்கம் சொல்ல வேண்டாம். அம்மா ஏதாவது கேட்டால், கேட்டபடியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.